பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் ஆகிவிட்டீர்களா?

முதல் கூட்டத்தில் உங்கள் முன்னால் ஒரு நீள நோட்டு வரும். அட்டையில் தீர்மானப் பதிவேடு என்று எழுதியிருக்கும். "இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுருங்கம்மா" என்று யாராவது விரலை வைத்துக் காட்டுவார்கள். உடனே போட்டுவிடாதீர்கள். முதலில் படியுங்கள்.

எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. 2022 கோடையில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திரும்ப அமைத்தார்கள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிற எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்றால் பெரிய போட்டி ஒன்றும் இல்லை. தலைவர் அங்கே படிக்கிற குழந்தையின் அம்மாவாக இருக்க வேண்டும் என்றதும் மற்ற அம்மாக்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நான் தையல் கடை வைத்திருப்பவள், நாலு பேரோடு பேசிப் பழகியவள் என்று பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான்.

மூன்று மாதம் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நாலாவது மாதம் கூட்டம் தொடங்கத் தாமதமானதால் சும்மா நோட்டைப் புரட்டினேன். "பெண்கள் கழிப்பறைக் கதவு பழுது நீக்கப்பட்டது" என்று ஒரு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து. கதவோ அன்றைக்கும் சணல் கயிற்றில்தான் நின்றுகொண்டிருந்தது. விசாரித்தால் யாரும் திருடவில்லை. முன்பணம் வாங்கிய தச்சர் வரவே இல்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று நம்பி முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். ஆனால் கதவு சரியாக இருக்கிறது என்று ஊருக்குச் சாட்சி சொன்னது நான். என் மகளும் அந்தக் கழிப்பறைக்குத்தான் போகிறாள்.

சரி, உங்களுக்கு என்ன அதிகாரம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் குழு யாரும் தயவு பார்த்துக் கொடுத்தது அல்ல. 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இதை வைத்தே ஆக வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவின்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் இதே குழு. நான் இருந்தபோது 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். 2024ல் திரும்ப அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பதவிக்காலம் இரண்டு வருஷம். தலைமை ஆசிரியர்தான் கூட்டத்தைக் கூட்டுகிறவர். மாற்றுத்திறனுள்ள குழந்தையின் பெற்றோரைத் துணைத் தலைவராக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். எங்கள் துணைத் தலைவர் தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறவர். எந்தப் படியில் கால் இடறும், எந்தக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு அளந்து பார்க்க வந்த பொறியாளருக்குத் தெரியவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, நீங்கள் வேறு. பல ஊர்களில் கழகத் தலைவர் ஊர்ப் பெரிய மனிதராக இருப்பார். அவர் வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளியை விட்டுப் போயே இருபது வருஷம் ஆகியிருக்கும். அவரோடு சண்டை வேண்டாம், பல காரியங்களுக்கு அவர் தேவைப்படுவார். ஆனால் அவர்கள் கணக்கையும் உங்கள் கணக்கையும் ஒரே நோட்டில் எழுத விடாதீர்கள்.

நோட்டை எப்படிப் பார்ப்பது

ஒவ்வொரு கூட்டமும் போன மாதத் தீர்மானத்தை உரக்க வாசிப்பதில் தொடங்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படிக்கத் தெரியாதவர்களும் குழுவில் இருப்பார்கள். காதால் கேட்டால் அவர்களும் "அது நடக்கலையே" என்று சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நடந்தது, நடக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

தீர்மானத்தில் என்ன, எவ்வளவு, யார், எந்தத் தேதிக்குள் என்ற நாலும் இருக்க வேண்டும். "குடிநீர் வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் பத்து வருஷத்துக்கு அதையே எழுதிக்கொண்டிருக்கலாம். நாங்கள் பிறகு இப்படி எழுதினோம்: "ஐந்தாம் வகுப்புக்கு வெளியே உள்ள இரண்டு குழாய்களின் திருகு உடைந்துள்ளது. மாற்ற 700 ரூபாய். தலைமை ஆசிரியர் 15ஆம் தேதிக்குள் ஆள் வரவழைப்பார். துணைத் தலைவர் நேரில் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்வார்." படிக்க அழகாக இல்லைதான். ஆனால் 13ஆம் தேதியே தண்ணீர் வந்துவிட்டது.

கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பாவாடை தைக்கும்போது உள்ளே இரண்டு இஞ்சு துணி விடுவோம், பின்னால் பிரித்துப் பெரிதாக்குவதற்கு. நோட்டில் விட்ட இடமும் அதற்குத்தான் ஆகும். கையெழுத்தான பக்கத்தை அங்கேயே ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கான செயலியில் தீர்மானங்களை ஏற்றுவார்கள். நோட்டில் இருப்பதுதான் அதிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இப்படிக் கேட்க ஆரம்பித்தால் தலைமை ஆசிரியருக்கு முகம் சுருங்கும். எங்கள் டீச்சருக்கும் சுருங்கியது. அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். பாடம் எடுக்க வேண்டும், எமிஸ் என்கிற கல்வித்துறையின் இணையப் பதிவில் ஏற்ற வேண்டும், சத்துணவைப் பார்க்க வேண்டும், அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் கூட்டத்தில் கிளப்பப் போகிற விஷயத்தை முதல் நாளே தனியாகப் போய்ச் சொல்லிவிடுவேன். "டீச்சர், நாளைக்குக் கதவைப் பத்திக் கேப்பேன், பில்லை எடுத்து வச்சுக்குங்க." நாலு பேர் முன்னால் திடீரென்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார், கதவு மறுபடி கயிற்றிலேயே தொங்கும். ஆறு மாதம் கழித்து அவரே எனக்கு ஃபோன் செய்து, "இதை நான் கேட்டா மேல எடுபடாது, குழு தீர்மானமா போட்டுக் குடுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஆனோம்.

பணம்

பலர் நினைக்கிற மாதிரி லட்சம் லட்சமாக வராது. வருஷத்துக்கு வருகிற முக்கியமான தொகை, சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக்கல்வித் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தருவார்கள். 30 பேர் வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தம், சுகாதாரத்துக்குச் செலவாக வேண்டும். சுண்ணாம்புக்கட்டி, பதிவேடு, மின்கட்டணம், சின்னப் பழுது, கற்பிக்கும் பொருள் இதற்கெல்லாம்தான் இந்தப் பணம். கட்டடம் கட்ட அல்ல.

இந்த வரிசையை உற்றுப் பாருங்கள். 100 பிள்ளை இருந்தால் 25,000. 101 இருந்தால் 50,000. நான் வந்தபோது எங்கள் பள்ளியில் 96 பேர். ஐந்து குழந்தைகள் கூடினால் மானியம் இரண்டு மடங்கு! இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது நான் இல்லை, குழுவில் இருந்த முறுக்கு வியாபாரம் செய்கிற அக்கா. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் நாங்கள் ஆறு பேர், ஒரு டீச்சரையும் கூட்டிக்கொண்டு, நூற்பாலைக் குடியிருப்புக்குப் போனோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள். பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் எங்கேயும் சேர்க்க மாட்டார்கள் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அந்தக் காகிதங்கள் இல்லை என்று எந்தப் பள்ளியும் சேர்க்க மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இதை ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர் இந்தியில் எடுத்துச் சொன்னார். ஏழு பேர் வந்தார்கள். 103.

முதல் வாரம் வாயே திறக்காத ஒரு பெண் பொங்கலுக்குள் என் மகனோடு "ஏனுங்க, என் பென்சிலை எதுக்கு எடுத்தீங்க" என்று மரியாதையாகச் சண்டை போட்டாள். அடுத்த வருஷம் 50,000 வந்தது. பணத்துக்காகத்தான் போனோம் என்பதை மறைக்க மாட்டேன்.

பணம் வரும் முறையும் மாறிவிட்டது. முன்பு போல வங்கியில் வந்து கிடக்காது. எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு வரும். பொருள் கொடுத்த கடைக்காரரின் கணக்குக்கு ஆன்லைனில் நேராகப் போகும். அதற்கான தாளில் தலைமை ஆசிரியரும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி கையெழுத்து, மறுபடி படிக்க வேண்டும். கடையின் பெயர், தொகை, பில், இருப்புப் பதிவேட்டில் ஏறியதா, பொருள் கண் முன்னால் இருக்கிறதா. பினாயில் பத்து லிட்டர் என்றிருந்தால் கேனைப் போய்ப் பாருங்கள். கடைக்காரருக்கு இந்த முறை ஒத்துவருமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் ஊர்த் தச்சருக்கு ஒத்துவரவில்லை. அதனால்தான் அந்த முன்பணக் குழப்பமே வந்தது. டீச்சர் தன் கைக்காசைக் கொடுத்திருந்தார்.

மானியத்தை மட்டும் நம்பி வருஷம் முழுக்கத் திட்டம் போடாதீர்கள். சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் போட வேண்டும். பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததால் 2024-25க்கான மத்தியப் பங்கு அந்த வருஷம் வரவில்லை. 2,152 கோடி ரூபாய் என்கிறது மாநில அரசு. யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர் அடுத்த வாரமும் வேண்டும். அதற்கு உள்ளூரில் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் மாதாமாதம் பொருளாகவே தருவார்.

பெரிய வேலை என்றால்

வகுப்பறை இடிகிற நிலையில் இருந்தால் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. ஐந்து வருஷத்தில் 7,000 கோடி என்று 2022ல் அறிவித்தார்கள். உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் ஏற, வளர்ச்சித் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், படத்தோடு மனு போக வேண்டும். எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்க வெட்கப்படாதீர்கள். ஆனால் "ஏதாவது செய்யுங்க" என்று கேட்காதீர்கள். மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொண்டு போங்கள். "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" என்று 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தில் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற உங்கள் பள்ளி பழைய மாணவர்கள் நேரடியாகப் பணம் போடலாம்.

நாங்கள் சுற்றுச்சுவரை நமக்கு நாமே திட்டத்தில் எழுப்பினோம். மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஆறு லட்சத்துக்கு மதிப்பீடு, ஊர் தர வேண்டியது இரண்டு லட்சம். ஒன்பது மாதம் அலைந்தோம். கோயில் கமிட்டி, நூல் வியாபாரிகள், ஆட்டோ ஸ்டாண்டு. ஆட்டோ ஸ்டாண்டில் தந்த 3,200 ரூபாய்க்கும் ரசீது கொடுத்தோம். ரசீதில்லாமல் ஒரு ரூபாய்கூடக் கையில் வாங்காதீர்கள். "உங்களை நம்பாமலா" என்று சொல்கிறவருக்குத்தான் முதலில் ரசீதைக் கிழித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. பகுதி சபைதான். அங்கே பத்துப் பேர்கூட வர மாட்டார்கள். நீங்கள் எட்டு அம்மாக்களோடு போனால் அன்றைக்கு அந்தச் சபையே நீங்கள்தான். எங்கள் பள்ளி முன்னால் வேகத்தடை வந்தது அப்படித்தான்.

மனு கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலகம், மாவட்டக் கல்வி அலுவலகம், அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். படிப் படியாகப் போனால்தான் மேலே இருப்பவர் "கீழே கேட்டீர்களா" என்று திருப்பி அனுப்ப மாட்டார்.

ஆட்களை வரவைப்பது

கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. தறி ஓட்டுகிற அம்மாவுக்கு அது அரை நாள் கூலி. "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார், எனக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கறை இருக்கிறது, கூலி போகிறது. நாங்கள் முன்னாலேயே தறிப்பட்டறை முதலாளிகள் நாலு பேரிடம் போய், மாதத்தில் ஒரு வெள்ளி இரண்டு மணி நேரம் பிடித்தமில்லாமல் விடச் சொன்னோம். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு நிகழ்ச்சி நிரலை முதல் நாள் வாட்ஸப்பில் குரலாகப் பேசி அனுப்புவேன். அவர்களும் குரலிலேயே பதில் போடுவார்கள், அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டுவேன். தறிச் சத்தம் பின்னால் கடகடவென்று கேட்கும்.

பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தால் எல்லோரும் மறுபடி மாணவர்களாகிவிடுவார்கள். தரையில் வட்டமாக உட்காருங்கள். சுண்டலும் டீயும் இருக்கட்டும். கவுன்சிலர் பேசி முடித்தபின் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். மரியாதை மாதிரியும் இருக்கும்.

வேண்டாத கையெழுத்து

2022ல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000, பட்டதாரி ஆசிரியருக்கு 15,000. எங்களுக்கு ஒரு இடம். அன்றிரவே வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஊரில் செல்வாக்கான ஒருவர் தன் உறவுப் பெண்ணைப் போடச் சொன்னார். அந்தப் பெண் பி.எட். முடித்தவள்தான், ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவில்லை. தேறியவர்கள் இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். என் கடை வாடகைக் கட்டடம், அதன் உரிமையாளர் அவருக்குச் சொந்தம். இதெல்லாம் மனதில் ஓடியது.

நான் செய்தது இவ்வளவுதான்: "நான் ஒருத்தி சொல்ல முடியாதுங்கண்ணா, குழுவுல வச்சிருவோம்" என்றேன். எல்லா விண்ணப்பங்களையும் மேசையில் பரப்பி, யார் என்ன படித்தார்கள், தகுதித் தேர்வு உண்டா என்று ஒரு தாளில் கட்டம் போட்டோம். பிறகு மூன்று பேரையும் நாலாம் வகுப்பில் பத்து நிமிஷம் பாடம் எடுக்கச் சொன்னோம். கட்டம் போட்ட தாளை நோட்டில் ஒட்டி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரைச் சேர்த்தோம் என்று கேட்டால் அந்தத் தாளே பதில் சொல்லும். கடை வாடகை அந்தத் தையிலேயே ஐந்நூறு ரூபாய் ஏறியது. அதுவும் நடக்கும்.

சீர்

ஊரைப் பள்ளிக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த நல்ல வழி கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டு போவது போலத் தாம்பாளத்தில் பொருள் வைத்து, மேளம் வாசித்து, ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுபோவது. புதிதென்று சொல்ல முடியாது. காமராஜர் காலத்தில், 1958ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் ஊர் மக்கள் பெஞ்சும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பு, என்ன வேண்டும் என்று சொல்லாதது. ஒன்பது சுவர்க் கடிகாரங்கள் வந்தன. வகுப்பறைகள் ஏழு. சாமி படங்களும் வந்தன, எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடத்தில் அதை எங்கே மாட்டுவது என்று தனிச் சங்கடம். இரண்டாம் வருஷம் மகளிர் குழு அக்காக்கள் மூலம் பட்டியலை வீடு வீடாகக் கொடுத்தோம். மின்விசிறி 4, தண்ணீர் டிரம் 2, சின்ன நாற்காலி 20, எவர்சில்வர் டம்ளர் 110. எடுத்துக்கொண்டவர் பெயரை எதிரில் எழுதிவிடுவோம். டம்ளர் பத்து கொடுக்கிறவரும் மின்விசிறி கொடுக்கிறவரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். நூற்பாலைக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா துடைப்பம் இரண்டை மஞ்சள் பூசிய தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பொருள் எல்லாம் அன்று மாலையே இருப்புப் பதிவேட்டில் ஏறியது, துடைப்பம் உட்பட.

2024 ஆகஸ்ட்டில் புதுக் குழு வந்தது. அடுத்த தலைவரிடம் ஒரு கட்டைப்பையைக் கொடுத்தேன். தீர்மான நகல்கள், மனுக்களின் ஒப்புகைகள், சுற்றுச்சுவர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், யார் யார் என்ன தருவதாகச் சொல்லிவிட்டு இன்னும் தரவில்லை என்ற பட்டியல். அடியில் ஒரு புது இரும்புத் தாழ்ப்பாள்.

"இது எதுக்குங்க்கா?"

"கழிப்பறைக் கதவுக்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பசங்க பிடுங்கிருவாங்க. திருகாணி கடையிலயே சேத்துக் குடுப்பாங்க, பில் மட்டும் கேட்டு வாங்கிக்க கண்ணு."